கையுறைக்குள் யாருடைய கை?

அத்தியாயம் 6

வெர்னா ஹோல்கம் அந்த ஹோட்டலுக்குள் பின்வாசல் வழியாகத்தான் போனாள். முன்வாசலில் நுழைந்தால் ஒரு காபிக்கு அநியாய விலை கேட்பார்கள் என்பது ஒரு காரணம். வாஷிங்டனில் உண்மை எப்போதுமே குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கும் பக்கமாகத்தான் வெளியே வரும் என்பது இன்னொரு காரணம்.

"மூக்கைப் பொத்திக்கோங்க மேடம்," என்றான் கஸ் பெட்ராக்கிஸ். "நேத்து மீன் கெட்டுப்போச்சு போல."

"இங்க நாடாளுமன்ற மெம்பர்கள் சாப்பிடுற மாடி ரூமை விட இது தேவலை."

கஸ், வெர்னாவிடம் உதவியாளாகச் சேர்வதற்கு முன்பு பத்து வருடம் இந்த ஊரின் விருந்துக் கூடங்களில் தட்டு ஏந்தியவன். எந்தச் செனட்டர் எந்த மதுவுக்கு மயங்குவார், எந்தக் கம்பெனிக்காரர் இறாலைக் கைக்குட்டையில் முடிந்துகொள்வார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கை வேலை செய்கிறதோ இல்லையோ, வாய் ஓயாது. வெர்னா அதற்கு நேரெதிர். நாடாளுமன்றத்தில் விசாரணை அதிகாரியாக இருந்தவள், ஒருநாள் மேசையைக் காலி செய்துவிட்டு வந்து, ஒரு சலவைக் கடைக்கு மாடியில் தன் பெயரில் பலகை மாட்டினாள். ஏன் வந்தாள் என்று யாராவது கேட்டால், "குமட்டுச்சு," என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வாள்.

இந்த வழக்கும் குமட்டத் தொடங்கியிருந்தது.

வட கரோலினாவின் மேற்கே, மலையடிவாரத்தில் ஹோப் கிரீக் என்று ஒரு ஊர். அங்கே பெண்ட்லி கையுறைக் கம்பெனி. கொத்தனார், வெல்டர், மரம் அறுப்பவர் எல்லோரும் போடும் முரட்டுக் கையுறைகள் அங்கே பின்னப்பட்டன. பசிபிக் பக்கத்து ஆறு நாடுகளோடு தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் வருகிறது, இனி வெளிநாட்டுக் கையுறை வரியே இல்லாமல் இறங்கும் என்று செய்தி வந்ததும் ஊர் கலங்கியது. தொழிலாளர்கள் கூடிப் பேசி, சம்பளக் கவரிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் பிடித்து ஒரு நிதி தொடங்கினார்கள். தலைவராக இருந்து நடத்தித் தந்தவர் முதலாளி ராய்ஸ் பெண்ட்லியே. அந்த நிதி, அந்தத் தொகுதி மெம்பர் வெண்டல் காடிஸின் தேர்தல் செலவுக்குப் போனது. எல்லாம் சட்டப்படி, எல்லாம் பகிரங்கமாக. காடிஸும் தேவாலய மைதானத்தில் நின்று, 'என் கை ஒப்பந்தத்துக்கு ஆதரவாக உயராது' என்று சத்தியம் செய்தார்.

மூன்று வாரத்துக்கு முன்பு நாடாளுமன்றக் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரே ஒரு வாக்கில் ஒப்பந்தம் தப்பியது. அந்த ஒரு வாக்கு காடிஸுடையது.

தொழிலாளர் கமிட்டியின் தலைவி லூரீன் ஸ்க்ரக்ஸ் வெர்னாவைத் தேடி வந்து கேட்டது ஒன்றுதான். "அந்த ஆளை யார் வாங்கினாங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. கதவு சாத்தறதுக்கு முன்னாடி சாத்தினவன் முகத்தையாவது பார்த்துக்கிறோம்."

யார் என்று ஊரெல்லாம் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் இறக்குமதிக்காரர்கள். குழு கூடிய அன்று காலை காடிஸ் இந்த ஹோட்டல் மாடியில் ஒருவரோடு சாப்பிட்டிருக்கிறார். அறையை எடுத்தது 'திறந்த கடல் மன்றம்' என்ற பெயரில். அப்படி ஒரு மன்றத்துக்கு முகவரியும் இல்லை, தொலைபேசியும் இல்லை. இன்று பிற்பகல் முழுச் சபையில் கடைசி வாக்கெடுப்பு. வெர்னாவின் கையில் மிச்சமிருந்தது இந்தச் சமையலறை ஒன்றுதான்.

"என்னடா கஸ், வேலை கேட்டு வந்தியா?" என்றாள் தலைமைச் சமையல்காரி டெலியா ரிவாஸ், திரும்பிப் பார்க்காமலே. "தட்டு கழுவ ஆள் இருக்கு."

"நாங்க கழுவுறது வேற அழுக்கு, டெலியா. மூணு வாரத்துக்கு முன்னாடி மாடியில ரெண்டு பேர் மட்டும் காலைச் சாப்பாடு சாப்பிட்டாங்க. ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? என் கல்லை நாசம் பண்ணின நாளாச்சே அது." டெலியா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஐஸ் பெட்டியில செங்கல் மாதிரி ஒண்ணு வந்துச்சு. சாம்பல் கலர்ல. இதைத் துண்டு போட்டு வறுத்து, பன்னுக்குள்ள வெச்சுக் குடுன்னு சொல்லி அனுப்பினாங்க. ஓரம் மொறுமொறுன்னு வரலைன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாரு அந்த மகராசன். ஈரல் நாத்தம் சாயங்காலம் வரைக்கும் போகல."

வெர்னா சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"சோளமாவு கலந்த மாதிரி இருந்துச்சா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் ஹோப் கிரீக்ல லூரீன் வீட்டுல எனக்கும் வெச்சாங்க. மரியாதைக்காகச் சாப்பிட்டேன்."

லிவர்மஷ் என்பார்கள். பன்றி ஈரலையும் தலைக்கறியையும் சோளமாவோடு வேகவைத்துக் கட்டியாக்குவது. வட கரோலினாவின் மேற்கில் நான்கைந்து மாவட்டங்களில் அது இல்லாமல் பொழுது விடியாது. அதைத் தாண்டினால் அப்படி ஒரு பண்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது.

"லாஸ் ஏஞ்சலஸ்காரன் காலையில கீரை ஜூஸ் குடிப்பான்," என்றான் கஸ் மெதுவாக. "இதைக் கண்ணால பார்த்தாலே ஆம்புலன்ஸ் கூப்பிடுவான். ஆனா மேடம், காடிஸும் அந்த ஊர்தானே? அவரே வீட்டுலேர்ந்து கட்டிக்கிட்டு வந்திருக்கலாமே?"

"மெம்பர் வெறுங்கையோடதான் வந்தாரு," என்றாள் டெலியா. "தட்டைப் பார்த்ததும், 'டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டாரே, எத்தனை வருஷமாச்சு'ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாராம். பரிமாறின பொண்ணு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அவ இப்ப டெக்சாஸ் போயிட்டா."

"கூட இருந்தவர்?"

"நான் பார்க்கல. சொல்லி அனுப்பினது மட்டும் ஞாபகம் இருக்கு. 'மெம்பருக்குக் கடுகு சாஸ், எனக்குத் திராட்சை ஜாம்'னு."

"ஈரல்ல ஜாமா?" என்றான் கஸ்.

"இந்த ஊருக்குச் சமைக்க வந்ததிலேர்ந்து நான் எதுக்கும் முகம் சுளிக்கிறதில்லடா. அன்னிக்குச் சுளிச்சேன்."

வெளியே வந்து நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். புல்வெளியில் ஹோப் கிரீக் தொழிலாளர்களின் ஆர்ப்பாட்டம். ராய்ஸ் பெண்ட்லியே பஸ் பிடித்து அழைத்து வந்திருந்தார். வெர்னா தன் கண்டுபிடிப்பை அங்கே பத்திரிகைக்காரர்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. நேற்றுத் தொலைபேசியில்கூட அக்கறையாக விசாரித்தார். 'லாஸ் ஏஞ்சலஸ்தானே? பயப்படாம பேரைச் சொல்லுங்க. நான் இருக்கேன்.'

"கஸ், அந்தக் கிழட்டு மெஷின் விதியைத் திரும்பச் சொல்லு."

கஸ் முந்தைய நாள் முழுக்க ஒப்பந்த மசோதாவைப் படித்து நொந்திருந்தான். "அமெரிக்காவுல இருபது வருஷத்துக்கு மேல ஓடின மெஷினை அங்க கொண்டுபோய் அதுல பின்னினா, அந்தக் கையுறைக்கு இன்னையிலேர்ந்தே வரி கிடையாது. மத்த கையுறைக்கெல்லாம் பத்து வருஷம் கழிச்சுத்தான் வரி போகும். குழு கூடுறதுக்கு முதல் நாள்தான் காடிஸ் இதைச் செருகினாரு. கிழட்டு மெஷின் மேல ஏன் இவ்வளவு பாசம்னுதான் எனக்குப் புரியல. பென்ஷன் குடுக்கிறாங்களோ என்னமோ."

"இறக்குமதிக்காரங்க கிட்ட இருக்கிறதெல்லாம் புது மெஷின். இந்த விதி அவங்களுக்குப் பத்து வருஷம் கதவைச் சாத்துது. காசு குடுத்துத் தன் வாசல்லயே யாராவது பூட்டுப் போடச் சொல்லுவாங்களா?"

கஸ் நடையை நிறுத்தினான்.

"அப்ப இது சட்டம் இல்ல மேடம். மாப்பிள்ளைக்கு அளவெடுத்துத் தெச்ச கோட்டு."

"மாப்பிள்ளை யாருன்னுதான் பார்க்கணும்."

புல்வெளியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், எல்லோர் கையிலும் மஞ்சள் கையுறை. அட்டைகளில் 'எங்கள் கைக்கு வேலை கொடு' என்று எழுதியிருந்தது. ஒரு பக்கம் மடக்கு மேசை போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த காலைச் சாப்பாட்டைப் பெண்கள் பொட்டலம் பொட்டலமாக நீட்டிக்கொண்டிருந்தார்கள். லூரீன் ஒரு பொட்டலத்தைக் கஸ்ஸின் கையில் திணித்தாள். நெடிய, ஒல்லியான பெண். பேசும்போதும் விரல்கள் தைப்பதுபோல் அசைந்துகொண்டே இருக்கும்.

"சாப்பிடுங்க தம்பி. வெறும் வயித்தோட கோஷம் போட முடியாது."

கஸ் பிரித்துப் பார்த்தான். "மேடம், செங்கல்."

"லூரீன்," என்றாள் வெர்னா, "இதுல திராட்சை ஜாம் தடவிச் சாப்பிடுற பழக்கம் உங்க ஊர்ல உண்டா?"

லூரீன் சிரித்துவிட்டாள். "அந்தக் காலத்துல கொஞ்சம் பேர் அப்படித் தின்னுவாங்க. இப்ப எங்க கம்பெனியில ஒரே ஆள்தான். அங்க பாருங்க."

மேடைக்குப் பக்கத்தில் ராய்ஸ் பெண்ட்லி நின்றுகொண்டிருந்தார். வெள்ளை முடி, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்ட கோலம், தொழிலாளி ஒருவரின் தோளில் ஒரு கை. இன்னொரு கையில் பன். அதன் ஓரத்தில் ஊதா நிறம் வழிந்து, அவர் நாக்கால் அதைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

வெர்னா லூரீன் பக்கம் திரும்பினாள்.

"இன்னொண்ணு கேக்கணும். கம்பெனியிலேர்ந்து மெஷின் ஏதாவது வெளிய போச்சா?"

"வசந்த காலத்துல ஒரு டஜன் பின்னல் மெஷினைக் கழட்டி ஏத்திட்டுப் போனாங்க. பழசாயிடுச்சு, ரிப்பேருக்குன்னு முதலாளி சொன்னாரு. நல்லாத்தான் ஓடிச்சு. எங்க அம்மா வேலை பார்த்த மெஷின்கூட அதுல..." பேச்சு பாதியில் நின்றது. லூரீனின் விரல்களும் நின்றன. "ஏன் கேக்குறீங்க?"

வெர்னா லூரீனின் முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நேராகப் பெண்ட்லியிடம் போனாள்.

"வாங்க வாங்க," என்றார் அவர், விரலைத் துடைத்துக்கொண்டே. "கேமராக்காரங்க ரெடி. லாஸ் ஏஞ்சலஸ்னு ஆரம்பிச்சாப் போதும், மிச்சத்தை அவங்க எழுதிக்குவாங்க."

"அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சந்தேகம், மிஸ்டர் பெண்ட்லி. ஹோட்டல் சமையல்காரி உங்களை விசாரிச்சாங்க. ஜாம் போதுமா இருந்துச்சான்னு கேட்டாங்க."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் கேமராக்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று ஒருமுறை அளந்து திரும்பின.

"எந்த ஹோட்டல்?"

"காடிஸ் கண்ணு கலங்கின ஹோட்டல்," என்றான் கஸ். "அழுதது ஈரலுக்குன்னு அவர் சொல்லுவாரு. ஊருக்காக அழுதிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

"ஒரு டஜன் மெஷின் எந்த நாட்டுல ரிப்பேர் ஆகுது?" என்றாள் வெர்னா. "ஆறு நாட்டுல ஒண்ணுதானே?"

ஒரு நிமிடம் மறுப்பார் என்றுதான் வெர்னா நினைத்தாள். அவர் மறுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோலப் பேசினார்.

"பாருங்க, இந்த ஒப்பந்தம் இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு வரத்தான் போகுது. யாராலயும் நிறுத்த முடியாது. எப்படியும் கம்பெனி போயிடும். போறதுல ஹோப் கிரீக்காரன் ஒருத்தனாவது பொழைக்கட்டுமேன்னு பார்த்தேன். அங்க ஒரு ஷெட்டு வாங்கியிருக்கேன். அது தப்பா?"

"காடிஸுக்கு நீங்க என்ன குடுத்தீங்க?"

"நான் சொந்தமா ஒரு பைசா குடுக்கல. நிதியிலேர்ந்து சட்டப்படி போனதுதான். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

லூரீன் அதுவரை அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னாவுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. தேடித் தேடி அலைந்த கறுப்புப் பணம் என்று ஒன்று இல்லவே இல்லை. பணம் இந்தப் புல்வெளியில் நிற்பவர்களுடையது. அதைக் கொடுத்துக் கேட்ட வரம் மட்டும் இவருடையது. தையல்காரிகளின் சம்பளக் கவரிலிருந்து போன காசுதான் அவர்களுடைய வேலைக்கு எதிராகக் கை தூக்கியிருக்கிறது. வெர்னாவுக்கு நிதியிலிருந்து வந்த முன்பணச் செக்கில்கூட இருந்தது இவர் கையெழுத்து. துப்பறிகிறவள் எப்படியும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம்தான் ஓடுவாள், தன் பெயரில் கறை ஒட்டாது என்று நம்பிப் போட்ட கையெழுத்து.

"எங்க காசை வெச்சா?" என்றாள் லூரீன். "எங்க காசை வெச்சா எங்களை வித்தீங்க முதலாளி?"

"மெதுவா பேசு லூரீன். கேமரா பார்க்குது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. லூரீன் திரும்பி மேடைக்கு நடந்தாள். ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்தாள். சொற்பொழிவு அவளுக்கு வராது. ரிப்பேருக்குப் போன மெஷின் எங்கே இருக்கிறது, அந்த மெஷினுக்காக ஒரு விதியைச் சட்டத்தில் செருகியது யார், அதற்கு யார் காசு போனது என்று மூன்றையும் தைத்து முடிப்பதுபோல் அடுத்தடுத்துச் சொன்னாள். கூட்டம் கோஷம் போடவில்லை. அட்டைகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கின. கேமராக்கள் எல்லாம் பெண்ட்லியின் பக்கம் திரும்பின. அவர் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுது மேடம்," என்றான் கஸ். "காடிஸ் இன்னைக்கு வாக்குப் போட வரமாட்டாரு."

காடிஸ் வந்தார்.

பிற்பகல் சபையில் அவர் பேசியதைப் பக்கத்துத் தெரு மதுக்கடையின் டிவியில் இருவரும் பார்த்தார்கள். கறுப்புக் கோட்டு, கம்மிய குரல். தன்னை ஒரு முதலாளி ஏமாற்றிவிட்டதாகச் சொன்னார். ஒரே ஒருவருக்கு மட்டும் சலுகை தரும் விதி மசோதாவில் இருப்பது தன் மனசாட்சிக்கு ஒவ்வவில்லை, அதை இப்போதே நீக்க வேண்டும், கையுறைகளுக்குள் பாரபட்சம் கூடாது, எல்லாக் கையுறைக்கும் ஒரே நீதி என்றார். இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கஸ்ஸின் கையில் இருந்த கண்ணாடிக் குவளை பாதி வழியில் நின்றது. "எல்லாக் கையுறைக்கும்னா? பத்து வருஷம்னு இருந்துச்சே, அது?"

"அதுவும் அந்த விதியோடயே போச்சு," என்றாள் வெர்னா. "இனி எல்லாக் கையுறைக்கும் இன்னையிலேர்ந்தே வரி கிடையாது."

ஒப்பந்தம் நிறைவேறியது. காடிஸ் ஆதரித்து வாக்களித்தார்.

வெர்னாவின் போன் அடித்தது. ப்ரெஸ்காட் என்று சொல்லிக்கொண்டார் பேசியவர். லாஸ் ஏஞ்சலஸ் இறக்குமதியாளர் சங்கத்தின் ஆலோசகர். குரலில் தேன் சொட்டியது.

"மிஸ் ஹோல்கம், நாங்க வருஷக்கணக்கா எத்தனையோ மெம்பருக்குச் செலவு பண்ணி முடியாததை, நீங்க ஒரே காலையில முடிச்சுக் குடுத்துட்டீங்க. எங்க ஆளுங்க ரொம்ப சந்தோஷத்துல இருக்காங்க. பில்லு ஒண்ணு அனுப்பி வைங்களேன். எவ்வளவுன்னு நீங்களே போட்டுக்கோங்க."

வெர்னா போனை அணைத்தாள். கழிவறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். வெளியே வந்தவள் ஏதோ யோசித்து, திரும்பிப் போய் இன்னொரு தடவை கழுவினாள்.

வெளிச்சம் சாய்வதற்குள் பஸ்கள் கிளம்பத் தயாராக நின்றன. தொழிலாளர்கள் பேசாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெர்னா முதல் பஸ்ஸின் வாசலில் லூரீனைக் கண்டுபிடித்தாள்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா உங்களுக்குப் பத்து வருஷமாவது கிடைச்சிருக்கும்," என்றாள். "தோண்டினது நான்தான்."

"பத்து வருஷம் யாருக்கு, வெர்னாம்மா? மெஷின் ஒவ்வொண்ணா ரிப்பேருக்குப் போயிருக்கும். நாங்க ஒவ்வொருத்தரா வீட்டுக்குப் போயிருப்போம். ஒவ்வொரு சம்பளத்துலயும் அதுக்கும் காசு குடுத்துக்கிட்டே இருந்திருப்போம்." லூரீன் மஞ்சள் கையுறையைக் கழற்றி மடித்தாள். "சாத்தினவன் முகத்தைக் காட்டுங்கன்னு கேட்டேன். காட்டிட்டீங்க. வேற என்ன செய்யப் போறோம்னு ஊருக்குப் போய்த்தான் பேசணும்."

கூட்டம் விலகி வழிவிட்டது. ராய்ஸ் பெண்ட்லி வந்துகொண்டிருந்தார். காலையில் தொழிலாளர்களோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியதைப் படம் எடுத்திருந்தார்கள். அவருடைய பெட்டியும் மேல்கோட்டும் முன் இருக்கையில் இருந்தன. மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தாரே தவிர, நடையில் தளர்ச்சி இல்லை.

"இன்னைக்கு நாம எல்லாருமே தோத்துட்டோம்," என்றார் பொதுவாக, வருத்தமான குரலில். "வீட்டுக்குப் போவோம். நடந்ததை மறந்துட்டு, குடும்பமா உக்காந்து பேசுவோம்."

அவர் படியில் கால் வைத்தார். லூரீன் உள்ளே போய், பெட்டியையும் கோட்டையும் எடுத்து வந்து அவர் நெஞ்சில் சாத்தினாள்.

"இந்த பஸ்ஸுக்கு வாடகை எதுலேர்ந்து போச்சு, ராய்ஸ்?"

முப்பது வருடம் முதலாளி என்றே கூப்பிட்டவள். அவர் சுற்றிலும் பார்த்தார். ஜன்னல்களில் முகங்கள் நிறைந்திருந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

"நிதியிலேர்ந்துதான். ஏன்?"

"அப்ப இது எங்க பஸ். இறங்கு."

"லூரீன், இங்கேருந்து ஊர் எவ்வளவு தூரம்னு..."

"தெரியும். இறங்கு."

அவர் இறங்கினார். டிரைவர் தயங்கி, கண்ணாடியில் லூரீனைப் பார்த்தார். "அந்தப் பெரியவர் எப்படி வருவாரும்மா?"

"அவருக்கு வெளிநாட்டுல ஃபேக்டரி இருக்கு," என்றாள் லூரீன், காலியான முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டே. "எங்க வேணாலும் போவாரு. நீங்க கதவைச் சாத்துங்க."